பாட்டு ஒன்று, சொத்து இரண்டு: பிரிட்டனில் லேபிள் இல்லாமல் பாட்டு வெளியிடுவது எப்படி

பிரிட்டனில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவருக்குப் பணம் ஒரே இடத்திலிருந்து வராது. வானொலி, பப் மேடை, ஸ்ட்ரீமிங், சிடி, டி-சட்டை என்று ஏழெட்டு இடத்திலிருந்து சில்லறை சில்லறையாக வரும். அதில் பல, முறையாகப் பதிந்து வைத்துக் கேட்டால் மட்டுமே வரும். லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், இருப்பவர்களுக்கு இந்த வேலையை அலுவலகம் பார்க்கும். லேபிள் இல்லாதவர் தானே பார்க்க வேண்டும். பாட்டு எப்படி எழுதுவது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. எழுதிய பாட்டு வெளியான பிறகு அதன் பணம் வழியில் தொலையாமல் உங்களிடம் வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்டால், நடக்கிறது. 2024 பிரிட் விருதுகளில் ஒரே இரவில் 6 விருது வாங்கிய பாடகி ரே, 2021-ல் பாலிடோர் லேபிளை விட்டு வெளியேறியவர். யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லியைச் சேர்ந்த நாட்டார் பாடகி கேட் ரஸ்பி, குடும்பமே நடத்தும் ப்யூர் ரெக்கார்ட்ஸ் வழியாக 1990-களிலிருந்து ஆல்பங்களை வெளியிட்டு வருகிறார். இருவருக்கும் பின்னால் வேலை பார்க்க ஆட்கள் உண்டு. ஆனால் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, அவர்கள் கையில்.

முதலில் சொத்துக்கணக்கு

ஒரு பாட்டை எழுதிப் பதிவு செய்ததும் சட்டப்படி இரண்டு சொத்து உண்டாகிறது. மெட்டும் வரிகளும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைப் பாடிப் பிடித்த ஒலிப்பதிவு இன்னொன்று. மாஸ்டர் என்று சொல்வது இதைத்தான். பிரிட்டனில் காப்புரிமைக்காக எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டியதில்லை. தாளிலோ போனிலோ பதிந்த கணமே உரிமை வந்துவிடும். பாடலுக்கு எழுதியவர் இறந்தபின் 70 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 70 ஆண்டு. "உங்கள் பாட்டைக் காப்புரிமைப் பதிவு செய்து தருகிறோம்" என்று காசு கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். தேதியோடு கூடிய வாய்ஸ் மெமோக்களை அழிக்காமல் வைத்திருந்தாலே சாட்சிக்கு நிறைய உதவும்.

இந்த இரண்டு சொத்துக்கும் வசூல் செய்பவர்கள் வேறு வேறு. இங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

பாடல் மேடையிலோ வானொலியிலோ கடையிலோ இணையத்திலோ ஒலிப்பதற்கான பணத்தை பிஆர்எஸ் என்ற சங்கம் வசூலிக்கிறது. எழுத்தாளராகச் சேர ஒருமுறைக் கட்டணம் 100 பவுண்டு. இளைஞர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. கட்டணம் மாறக்கூடியது, சேரும் நாளில் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததும் ஐபிஐ எண் என்று ஒன்று தருவார்கள். இதுதான் உலகம் முழுக்க உங்களை அடையாளம் காட்டும் எண். உங்களோடு சேர்ந்து எழுதுபவர்கள் இதைக் கேட்பார்கள். பணம் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை வரும். சேரும்போது அந்த உரிமையை பிஆர்எஸ் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பப் உரிமையாளர் நண்பராக இருந்தாலும், "என் பாட்டுதானே, நீங்கள் கட்ட வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. இந்தியாவில் இதே வேலையைச் செய்யும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால், அதே உரிமையை அதே நாடுகளுக்கு இரண்டு சங்கத்துக்கும் கொடுக்க முடியாது. எந்த நாட்டுக்கு யார் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

பாடலைப் பிரதியெடுப்பதற்கான பணம் எம்சிபிஎஸ் என்ற இன்னொரு சங்கத்தின் வழியாக வரும். சிடி, வினைல், ஸ்ட்ரீமிங் பணத்தில் பாடலுக்குரிய பங்கின் ஒரு பகுதி எல்லாம் இதில் அடக்கம். இதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். முதல் பாட்டிலேயே இதில் சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. கட்டிய கட்டணம் திரும்பி வரவே நாளாகும். மாற்று வழி, நிர்வாகப் பதிப்பாளர் ஒருவரிடம் கொடுப்பது. 15 முதல் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பதிந்து வசூலித்துத் தருவார்கள். அந்த ஒப்பந்தத்தில் இரண்டை மட்டும் விடாமல் படியுங்கள்: பாடலின் உரிமை உங்களிடமே இருக்கிறதா, விலக எத்தனை நாள் நோட்டீஸ்.

ஒலிப்பதிவு வானொலி, தொலைக்காட்சி, கடை, ஜிம்களில் ஒலிப்பதற்கான பணம் பிபிஎல் என்ற அமைப்பின் வசம். சேர ஒரு பைசா கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிஆர்எஸ்ஸில் சேர்ந்தாயிற்று, போதும் என்று இருந்துவிடுவார்கள். பிபிஎல்லில் இரண்டு வேடத்தில் பதிய வேண்டும்: பாடியவராக ஒன்று, மாஸ்டரின் உரிமையாளராக ஒன்று. ஒரு பதிவுக்கு வரும் பணத்தில் பாதி உரிமையாளருக்கு, மறுபாதி அதில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும். ஒரு வேடத்தில் மட்டும் பதிந்தால் ஒரு பாதி வெளியிலேயே நிற்கும். டிரம்ஸ் வாசித்தவர், செல்லோ வாசித்தவர் பெயர்களையும் அதே நாளில் ஏற்றிவிடுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். பின்னால் அவர்கள் உரிமை கோரி வந்தால் கணக்கைத் திருத்துவது பெரிய தலைவலி. வெளிநாட்டு வசூலுக்கும் பிபிஎல்லுக்கே அதிகாரம் கொடுக்கலாம். அதற்கான பெட்டியைத் தனியாக டிக் செய்ய வேண்டும்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ஆகியவற்றில் ஒலிப்பதிவுக்கான பணம் இவர்கள் யாரிடமும் போகாது. அது, பாட்டை அந்தத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் வழியாக வரும்.

அறையை விட்டு எழுந்திருக்கும் முன்

இருவர் சேர்ந்து எழுதினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பாட்டின் பெயர், தேதி, முழுப் பெயர்கள், ஐபிஐ எண்கள், கூட்டினால் சரியாக 100 வரும் பங்குகள். அரைப் பக்கம் போதும். சும்மா வாட்ஸ்அப்பில் "50-50 ஓகேவா" என்று கேட்டு, "ஓகே" வாங்கி வைத்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். இருவரும் தனித்தனியாக பிஆர்எஸ்ஸில் வேறு வேறு பங்கு காட்டிப் பதிந்தால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். தகராறு தீரும்வரை அந்தப் பாட்டின் பணம் நின்றுபோகும்.

தயாரிப்பாளரிடமும் முதலிலேயே கேளுங்கள்: வாங்குவது கூலியா, மாஸ்டரில் பங்கா, எழுத்தில் பங்கா? கூலி வாங்கிக்கொண்டு எழுத்திலும் பங்கு கேட்பது புதிதல்ல. மெட்டிலோ வரியிலோ அவர் கை இருந்தால் கொடுங்கள். மைக் வைத்ததற்கும் மிக்ஸ் செய்ததற்கும் எழுத்துப் பங்கு கிடையாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு புரோகால் ஹாரம் குழுவின் வழக்கு போதும். 1967-ல் வந்த அவர்களுடைய முதல் வெற்றிப் பாட்டில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்த ஆர்கன் பகுதியை அமைத்தது தான் என்று 2005-ல் வழக்குப் போட்டார். 2009-ல், அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், இசையின் உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்று முடிந்தது. பழைய ஆண்டுகளின் பணம் கிடைக்கவில்லை; வழக்குப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. நாலு வரிக் காகிதம் 1967-ல் இருந்திருந்தால் நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்க வேண்டாம்.

வெளியீட்டுக்கு முன் பத்து வாரம்

கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டை வீட்டிலேயே பதிவு செய்யலாம். மைக்கை கிட்டாரின் துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கொடுக்க வேண்டிய கோப்பு 24 பிட் வேவ். மாஸ்டரின் உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தின் சராசரி அளவு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். அதற்கு மேல் நசுக்கி ஏற்றினால் சத்தமும் கூடாது, உயிரும் போய்விடும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம்.

வெளியீட்டுக்குப் பத்து வாரம் இருக்கும்போது பிபிஎல்லிடம் ஐஎஸ்ஆர்சி எண்ணுக்கான முன்னெழுத்தை வாங்குங்கள். இலவசம். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடம் கொண்ட, ஒவ்வொரு பதிவுக்குமான அடையாளம் இது. டிஸ்ட்ரிபியூட்டரும் தானாக ஒன்று தருவார். அதையே எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் எதை எடுத்தாலும் பிபிஎல், டிஸ்ட்ரிபியூட்டர், வானொலிக்கு அனுப்பும் கோப்பு என மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மாறினால் வானொலியில் பாட்டு ஓடியது ஒரு எண்ணில், பதிவு இன்னொரு எண்ணில் என்றாகி, பணம் ஆள் தெரியாமல் கிடக்கும். ரீமிக்ஸ், மேடைப் பதிவு, குறுக்கிய வடிவம் ஆகியவற்றுக்குப் புது எண் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய எண்ணே தொடர வேண்டும்; இல்லாவிட்டால் சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டு ரகம். டிஸ்ட்ரோகிட் போல ஆண்டுச் சந்தா வாங்குபவர்கள் ஒரு ரகம். சந்தாவை நிறுத்தினால், கூடுதல் கட்டணம் கட்டாத பாட்டுகள் இறங்கிவிடும். சிடி பேபி போல ஒருமுறைக் கட்டணமும் வருமானத்தில் 9 சதவீதமும் எடுப்பவர்கள் இன்னொரு ரகம். ஆண்டுக்கு ஐந்தாறு பாட்டு போடுபவருக்கு முதலாவது மலிவு. மூன்று வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போடுபவருக்கு இரண்டாவது நிம்மதி. அடுத்தவர் வீடியோவில் உங்கள் பாட்டு இருந்தால் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று கேட்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். வாங்கிய லூப், இலவசத் தாளம் எதுவும் பாட்டில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய மற்றவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் புகார் போகும்.

கலைஞர் பெயரைத் தேடிப் பார்த்தீர்களா? அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரும். ஏற்றும்போதே புதுப் பக்கம் என்று குறிப்பிட வேண்டும்.

நான்கு வாரம் இருக்கும்போது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர்களுக்கான தளம் வழியாக பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வையுங்கள். குறைந்தது 7 நாளாவது முன்னால் செய்தால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அந்தப் பாட்டு விழுவது உறுதி. அதே வாரம், புதுக் கலைஞர்களை அறிமுகம் செய்யும் பிபிசி இன்ட்ரொட்யூசிங் தளத்தில் ஏற்றுங்கள். 2007-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஏற்றிய பாட்டு உங்கள் வட்டாரத்து நிகழ்ச்சிக் குழுவிடம் போகும். பிபிசியில் ஒருமுறை ஓடினால் பிஆர்எஸ், பிபிஎல் இரண்டிலிருந்தும் பணம் வரும். அதைவிட, அடுத்த மேடைக்கு விண்ணப்பிக்கும்போது எழுத ஒரு வரி கிடைக்கும்.

காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்டில் போடுகிறேன் என்பவர்களை அண்ட விடாதீர்கள். பெரும்பாலும் அது போலிக் கணக்குகளின் ஓட்டம். பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், டிஸ்ட்ரிபியூட்டர் பாட்டையே இறக்கிவிடுவார். நேர்மையாக வரும் ஸ்ட்ரீமின் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டின் பதிவுக்கு ஸ்பாட்டிஃபையில் பணமே இல்லை. தாண்டினால் 10,000 ஸ்ட்ரீமுக்கு ஏறக்குறைய 30 பவுண்டு. மேடை முடிந்ததும் தலா 10 பவுண்டுக்கு மூன்று சிடி விற்றால் அது கைக்கு வந்துவிடும்.

மேடை

யாரும் ஏறிப் பாடக்கூடிய ஓபன் மைக்கில் தொடங்கி, வேறொருவர் நிகழ்ச்சிக்கு முன்னால் அரைமணி நேரம், பிறகு சொந்த இரவு. வழக்கமான படி இதுதான். லண்டன் கேம்டனில் உள்ள கிரீன் நோட் போன்ற சிறிய அறைகள் பாட்டெழுதிப் பாடுபவர்களுக்கென்றே அமைந்தவை. பேச்சுச் சத்தம் இருக்காது, வரிகள் காதில் விழும். முன்மேடைக்கு 50 பவுண்டு என்பது வெகுகாலமாக மாறாத கூலி. இத்தனை டிக்கெட்டை முன்பணம் கட்டி நீயே வாங்கி விற்றுக்கொள் என்று நிகழ்ச்சி நடத்தும் ப்ரொமோட்டர் சொன்னால் போகாதீர்கள்.

சொந்த இரவுக்குப் பேசும்போது "80-20", அதாவது உங்களுக்கு 80 சதவீதம், ப்ரொமோட்டருக்கு 20, என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். எதில் 80 என்பதுதான் கேள்வி. 10 பவுண்டு டிக்கெட் 60 விற்றது என்று வையுங்கள். மொத்தம் 600. ப்ரொமோட்டர் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியில் பதிந்தவர் என்றால் அதில் 100 அரசுக்கு, மீதி 500. பிஆர்எஸ் கட்டணம் ஏறக்குறைய 4 சதவீதம், 20 போகும். அறை வாடகை, ஒலிக்காரர், விளம்பரம் என்று 200. மிச்சம் 280. அதில் 80 சதவீதம், 224 பவுண்டு, உங்களுக்கு. லண்டனுக்குப் பழைய வேனில் போனால், புகை அதிகம் கக்கும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமே ஒரு நாளைக்கு 12.50. ஆகவே செலவுப் பட்டியலை நிகழ்ச்சிக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். இரவு பதினொன்றரைக்கு பார் ஓரத்தில் நின்றுகொண்டு "இந்த 60 எதற்கு?" என்று கேட்டால் பதில் வராது. குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி செய்து, 80 சதவீதம் அதைத் தாண்டினால் கூடுதல் என்று பேசுவது எப்போதும் நல்லது.

டி-சட்டை, சிடி விற்பனையில் அரங்கு பங்கு கேட்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பெரிய அரங்குகள் 25 சதவீதமும் அதன்மேல் வாட்டும் கேட்பதுண்டு. பங்கு எடுக்காத அரங்குகளின் பட்டியல் ஒன்றை ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் என்ற கலைஞர் கூட்டமைப்பு 2022 முதல் வைத்திருக்கிறது.

அரங்குக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு இரண்டு வரி: குரலுக்கு ஒரு மைக், கிட்டாரை ஒலி அமைப்போடு இணைக்க ஒரு டிஐ பெட்டி. பையில் இருக்க வேண்டியவை: ஒரு செட் கம்பி, டியூனர், சொந்த கேபிள், 9 வோல்ட் பேட்டரி இரண்டு. கிட்டார் பிக்கப்பின் பேட்டரி தீரும்போது ஒரேயடியாக நிற்காது. முதலில் ஓசை கரகரக்கும். ஒலிக்காரர் கேபிளைச் சந்தேகித்துப் பத்து நிமிடம் போகும். தாழ்ந்த சுரங்களில் ஊளை வந்தால் கிட்டாரின் துளையில் ரப்பர் மூடியைப் போடுங்கள். சமன் செய்யும் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட வேகமான வைத்தியம். மின்சாரக் கருவிகளில் பாதுகாப்புக்கான பேட் சோதனை ஸ்டிக்கரும், பொதுப் பொறுப்புக் காப்பீடும் சில அரங்குகளில் கட்டாயம். மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினருக்கு 1 கோடி பவுண்டு வரையான பொறுப்புக் காப்பீடு சந்தாவிலேயே அடக்கம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பாடிய பாட்டுகளின் பட்டியலை பிஆர்எஸ் தளத்தில் ஏற்றுவது. அரங்கின் பெயர், தேதி, பாட்டுகள், அவ்வளவுதான். சிறிய பப், கிளப்புகளுக்கான திட்டத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு 10 பவுண்டு. அற்பமாகத் தோன்றும், ஆண்டுக்கு 80 நிகழ்ச்சி பாடுபவருக்கு அது 800. டிக்கெட் போட்டு நடக்கும் கச்சேரிகளில், மேலே கழித்த அந்த 20 பவுண்டில் உங்கள் பங்கு உங்களுக்கே திரும்பி வரும். 12 மாதம் தாண்டினால் கேட்க முடியாது.

அச்சிடுவதும் கடல் தாண்டுவதும்

வினைல் ஆசை எல்லோருக்கும் வரும். பல ஆலைகளில் குறைந்தபட்சம் 300 பிரதி. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் சத்தம் இறங்கும். மையத்தை நெருங்கும் கடைசிப் பாட்டில் உச்சரிப்பு பிசிறும். ஆகவே "ஸ", "ஷ" நிறைந்த பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள். சோதனைத் தட்டு வந்ததும் முழுவதையும் கேட்டுவிட்டே ஒப்புதல் கொடுங்கள். அடுத்தவர் பாட்டைப் பாடி சிடியிலோ வினைலிலோ போட்டால் எம்சிபிஎஸ் உரிமம் இல்லாமல் ஆலை அச்சிடாது. விற்கும் இடமாக பேண்ட்கேம்ப் இன்னும் நியாயமானது: டிஜிட்டலில் 15 சதவீதம், பொருளில் 10, அதோடு பணம் மாற்றும் செலவு.

2021-க்குப் பிறகு ஐரோப்பியப் பயணத்துக்குக் காகித வேலை கூடிவிட்டது. ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்தான். அதற்குள் பாடிச் சம்பாதிக்க அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. கையில் எடுத்துப் போகும் கிட்டாருக்கு கார்னே என்ற சுங்க ஆவணம் தேவைப்படாது. விற்பதற்கு எடுத்துப் போகும் டி-சட்டையைச் சுங்கத்தில் காட்டியாக வேண்டும்; இயோரி எனும் சுங்கப் பதிவு எண் வேண்டும். கிட்டாரின் மரத்தையும் கவனியுங்கள். பழைய கிட்டார்களில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், போட்ட கிட்டாருக்கு 2019 முதல் அந்தத் தொல்லை இல்லை.

வரி

வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. இசையால் வந்த மொத்த வரவு, செலவைக் கழிப்பதற்கு முன், 1,000 பவுண்டைத் தாண்டினால் அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5-க்குள் சுயமதிப்பீட்டுக்குப் பதிய வேண்டும். பிஆர்எஸ், பிபிஎல் பணத்தில் யாரும் வரி பிடித்துத் தருவதில்லை. வந்ததில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கம்பி, ஸ்டுடியோ, டிஸ்ட்ரிபியூட்டர் சந்தா, நிகழ்ச்சிக்குச் சொந்தக் காரில் போன தூரத்துக்கு மைலுக்கு 45 பென்ஸ் எல்லாம் செலவில் காட்டலாம். மேடையில் போட்ட சாதாரண ஜீன்ஸைக் காட்ட முடியாது.

முதல் ஆண்டில் பலரையும் சாய்ப்பது முன்தவணை. வரி 1,000 பவுண்டைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்கான பாதியையும் சேர்த்தே கேட்பார்கள். வரி 1,400 என்றால் ஜனவரி 31 அன்று கட்ட வேண்டியது 2,100; ஜூலை 31-ல் இன்னொரு 700. அடுத்த ஆண்டு வருமானம் குறையும் என்று தெரிந்தால் முன்தவணையைக் குறைக்கச் சொல்லி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் வித்தியாசத்துக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.